0-40, மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட்... தோல்வியின் விளிம்பிலிருந்து அல்கராஸ் பிரெஞ்சு ஓபனை வென்றது எப்படி?

2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸில் பிரெஞ்சு ஓபன் ஆடவர் ஒற்றையர் இறுதிப்போட்டி. நான்காவது செட்டில் ஸ்கோர் 5-3. இத்தாலியின் யானிக் சின்னர் முன்னிலையில் இருக்கிறார். சர்வ் போடுவது ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸ். அந்த கேமின் ஸ்கோர் 0-40.

டென்னிஸ் பார்க்காதவர்களுக்கு எளிமையாகச் சொன்னால், சின்னருக்கு இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் போதும். கோப்பை அவருக்கு. அந்த ஒரு பாயிண்ட்டை எடுக்க அடுத்தடுத்து மூன்று வாய்ப்புகளும் கையில் இருந்தன.

மூன்றுமே பறிபோனது. அதன்பிறகு ஆட்டம் இன்னும் நீண்டு, கடைசியில் கோப்பையைத் தூக்கியது அல்கராஸ். இறுதி ஸ்கோர் 4-6, 6-7, 6-4, 7-6, 7-6. ஆட்டம் நடந்த நேரம் 5 மணி 29 நிமிடம். இந்திய நேரப்படி மாலையில் டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் நள்ளிரவில்தான் எழுந்தார்கள்.

இது வெறும் அதிர்ஷ்டமா? மன உறுதியா? இல்லை, அந்த செம்மண் தரைக்கும் இதில் பங்கு இருக்கிறதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், யார் இந்த இருவர்?

சின்னர் 2001 ஆகஸ்டில் பிறந்தவர். இத்தாலியின் வடக்கு எல்லையில், ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வளர்ந்தவர். இறுதிப்போட்டி நடந்தபோது உலகின் நம்பர் 1 வீரர். அல்கராஸ் 2003 மே மாதம் பிறந்தவர். ஸ்பெயினின் முர்சியா பகுதியைச் சேர்ந்தவர். அப்போது நம்பர் 2. இருவருமே 2000-க்குப் பிறகு பிறந்தவர்கள். அப்படிப்பட்ட இரண்டு ஆண்கள் ஒரு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் இறுதிப்போட்டியில் மோதியது அதுதான் முதல்முறை.

சின்னர் இந்தப் போட்டிக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 2024 யு.எஸ். ஓபன், 2025 ஆஸ்திரேலிய ஓபன் இரண்டையும் வென்றிருந்தார். கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் தொடர்ந்து 20 வெற்றி. பாரிஸில் அரையிறுதியில் ஜோகோவிச்சை வீழ்த்தியது உட்பட, இறுதிப்போட்டி வரை ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை.

ஆனால் இடையில் ஒரு இடைவெளியும் இருந்தது. ஊக்கமருந்து பரிசோதனையில் க்ளோஸ்டெபால் என்ற பொருள் கண்டறியப்பட்ட விவகாரத்தில், உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 2025 பிப்ரவரி 9 முதல் மே 4 வரை மூன்று மாதத் தடையில் இருந்தார். அவர் ஏமாற்றும் நோக்கத்தில் செயல்படவில்லை என்பதை அந்த முகமையும் ஏற்றுக்கொண்டது. தடை முடிந்து திரும்பியதும் ரோம் ஓபனில் ஆடினார். அங்கே இறுதிப்போட்டியில் அவரை வீழ்த்தியது வேறு யாருமல்ல, அல்கராஸ்தான். அடுத்து நேராக பாரிஸ்.

அல்கராஸ் நடப்பு சாம்பியனாக வந்தார். 2024-ல் இதே மைதானத்தில் கோப்பை வென்றவர். அந்த ஆண்டு அரையிறுதியில் சின்னரை ஐந்து செட் போராடித்தான் வென்றார். ஆக, இது திடீரென்று வந்த மோதல் இல்லை.

ஆட்டம் எப்படிப் போனது?

முதல் செட் 6-4 என சின்னருக்கு. இரண்டாவது செட் டை பிரேக்கர் வரை போய், அதையும் சின்னரே எடுத்தார். இரண்டு செட் பின்தங்கிய நிலையிலிருந்து அல்கராஸ் அதற்கு முன்பு எட்டு முறை ஆடியிருக்கிறார். எட்டிலும் தோல்வி. ஒருமுறைகூட மீண்டு வந்ததில்லை.

மூன்றாவது செட்டை 6-4 என அல்கராஸ் எடுத்தார். ஆட்டத்துக்கு உயிர் வந்தது. நான்காவது செட்டில் மீண்டும் சின்னர் கை ஓங்கியது. 5-3, 0-40 என்ற அந்த இடம் வந்தது.

அங்கே அல்கராஸ் மூன்று பாயிண்ட்டையும் காப்பாற்றி அந்த கேமை எடுத்தார். ஸ்கோர் 5-4. இப்போதும் சின்னருக்குத்தான் சாதகம். ஏனென்றால் அடுத்த கேமில் சர்வ் போடப்போவது அவர். அதை வென்றால் சாம்பியன். ஆனால் அந்த கேமில் அல்கராஸ் அவருடைய சர்வை முறியடித்தார். 5-5. அப்புறம் டை பிரேக்கர். அதை 7-3 என அல்கராஸ் வென்றார்.

ஐந்தாவது செட்டில் கதை அப்படியே தலைகீழானது. தொடக்கத்திலேயே சின்னரின் சர்வை முறியடித்த அல்கராஸ், 5-4 முன்னிலையில் கோப்பைக்காக சர்வ் போட்டார். இந்தமுறை விட்டுக்கொடுக்க மறுத்தது சின்னர். அல்கராஸின் சர்வை முறியடித்து 5-5, பிறகு 6-5 என முன்னிலையும் பெற்றார். வெற்றிக்கு இரண்டு பாயிண்ட் தூரத்தில் மீண்டும் ஒருமுறை நின்றார். அதையும் அல்கராஸ் சமாளித்தார். 6-6.

கடைசியில் 10 பாயிண்ட் டை பிரேக்கர். அதில் முதல் ஏழு பாயிண்ட்டையும் அல்கராஸ் அள்ளினார். 7-0. முடிவில் 10-2. ஓடிவந்து அடித்த ஃபோர்ஹேண்ட் ஷாட் சின்னரைத் தாண்டிப் போனதும், அல்கராஸ் அப்படியே செம்மண்ணில் மல்லாந்து விழுந்தார்.

அதிக பாயிண்ட் எடுத்தவர் தோற்றார். இது எப்படி?

இந்த ஆட்டத்தில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒரு கணக்கு இருக்கிறது. மொத்தம் ஆடப்பட்டது 385 பாயிண்ட். அதில் சின்னர் எடுத்தது 193. அல்கராஸ் எடுத்தது 192.

ஆம், அதிக பாயிண்ட் எடுத்தவர்தான் தோற்றிருக்கிறார்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். கடைசி டை பிரேக்கரில் அல்கராஸ் 10, சின்னர் 2. அதைக் கழித்துவிட்டால், டை பிரேக்கர் தொடங்கும்போது சின்னர் 191, அல்கராஸ் 182. அதாவது ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆடிய பிறகும் சின்னர் 9 பாயிண்ட் அதிகமாக வைத்திருந்தார். ஆனால் ஸ்கோர்போர்டில் இருவரும் சமம்!

காரணம், டென்னிஸின் கணக்கு முறை. கிரிக்கெட்டில் ஒரு ஓவரில் அடித்த ரன் கடைசிவரை கணக்கில் இருக்கும். கால்பந்தில் முதல் நிமிடத்தில் போட்ட கோல் 90-வது நிமிடத்திலும் கோல்தான். டென்னிஸில் அப்படி இல்லை. ஒரு கேம் முடிந்ததும் அந்த கேமின் பாயிண்ட்கள் அழிந்துவிடும். ஒரு செட் முடிந்ததும் அந்த செட்டின் கேம்கள் அழிந்துவிடும். எல்லாம் மீண்டும் பூஜ்ஜியத்திலிருந்து. ஒரு கேமை 40-0 என வென்றாலும், பத்து முறை டியூஸ் போய் வென்றாலும் கணக்கு ஒன்றே.

இன்னொரு வித்தியாசம், டென்னிஸுக்குக் கடிகாரம் கிடையாது. முன்னிலையில் இருப்பவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்த முடியாது. எவ்வளவு பெரிய முன்னிலையாக இருந்தாலும் கடைசி பாயிண்ட்டை அவரே வென்றாக வேண்டும். அதை வெல்லும்வரை எதிரில் இருப்பவருக்கு வாசல் திறந்தேதான் இருக்கும்.

அதனால்தான் டென்னிஸில் எத்தனை பாயிண்ட் எடுத்தோம் என்பதைவிட, எந்த பாயிண்ட்டை எடுத்தோம் என்பது முக்கியம். 0-40-ல் மூன்று, அடுத்த கேமில் ஒரு பிரேக், இரண்டு டை பிரேக்கர். அல்கராஸ் எடுத்தது அந்த பாயிண்ட்களை.

சரி, செம்மண் தரைக்கு இதில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது.

நான்கு கிராண்ட்ஸ்லாம்களில் களிமண் தரையில் நடப்பது பிரெஞ்சு ஓபன் மட்டும்தான். விம்பிள்டன் புல்தரை. ஆஸ்திரேலிய ஓபனும் யு.எஸ். ஓபனும் கடினத் தரை. நாம் 'களிமண்' என்று சொன்னாலும், மேலே சிவப்பாகத் தெரிவது உண்மையில் செங்கல் பொடி. அதுவும் ஓரிரு மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் தூவியிருப்பார்கள். அதற்குக் கீழே நொறுக்கிய சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே நிலக்கரிக் கசடு, ஜல்லி, கல் என அடுக்கடுக்காக இருக்கும்.

இந்தப் பொடித் தரையில் பந்து விழும்போது என்ன நடக்கும்? பந்தின் முன்னோக்கிய வேகத்தைத் தரை பிடித்து இழுக்கும். பந்து உயரமாக எழும்பும். இதனால் புல்தரையில் எதிராளியால் தொடவே முடியாத ஒரு சர்வ், இங்கே திருப்பி அடிக்கக்கூடியதாக மாறிவிடும்.

இதன் விளைவு என்ன? சர்வ் போடுபவருக்கு இருக்கும் சாதகம் குறைகிறது. 5-4 முன்னிலையில் சர்வ் போடுகிறார் என்றால், புல்தரையில் 'முடிந்தது கதை' என்று எழுந்து போகலாம். களிமண் தரையில் அப்படிப் போக முடியாது. எந்த சர்வும் முறியடிக்கப்படலாம். எந்த பாயிண்ட்டும் இருபது, இருபத்தைந்து ஷாட் வரை இழுக்கலாம். சறுக்கிக்கொண்டே போய் எட்டிப் பந்தை எடுக்க முடியும் என்பதால், 'வின்னர்' என்று நினைத்து அடித்த பந்து திரும்பி வரும். மீண்டும் அடிக்க வேண்டும். மீண்டும் வரும்.

இந்த இறுதிப்போட்டியே சாட்சி. சின்னர் 5-4-ல் சர்வ் போட்டார், முறியடிக்கப்பட்டது. ஐந்தாவது செட்டில் அல்கராஸ் 5-4-ல் சர்வ் போட்டார், அதுவும் முறியடிக்கப்பட்டது. ஒரே நாளில் இரண்டு பேரும் கோப்பைக்காக சர்வ் போட்டு, இரண்டு பேரும் கோட்டை விட்டார்கள்.

வரலாறு என்ன சொல்கிறது?

தொழில்முறை வீரர்களுக்கும் கதவு திறந்த 1968-க்குப் பிறகான காலத்தை 'ஓபன் சகாப்தம்' என்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆடவர் கிராண்ட்ஸ்லாம் இறுதிப்போட்டியில் முதல் இரண்டு செட்டையும் இழந்து, பிறகு கோப்பை வென்றவர்கள் மொத்தம் ஒன்பது பேர், அல்கராஸையும் சேர்த்து. அதில் ஆறு பேர் அதைச் செய்தது பாரிஸின் செம்மண்ணில்.

1974: பியான் போர்க். 18 வயது முடிந்த சில நாட்களில், ஸ்பெயினின் ஒரான்டெஸுக்கு எதிராக.

1984: இவான் லெண்டில். அந்த ஆண்டு யாராலும் வெல்ல முடியாமல் இருந்த ஜான் மெக்கன்ரோவுக்கு எதிராக. மெக்கன்ரோவால் கடைசிவரை பிரெஞ்சு ஓபனை வெல்லவே முடியவில்லை.

1999: ஆந்த்ரே அகாசி. உக்ரைனின் மெத்வதேவுக்கு எதிராக. நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களையும் வென்றவர் என்ற பெருமை அன்றுதான் அவருக்குக் கிடைத்தது.

2004: அர்ஜென்டினாவின் கஸ்டோன் காடியோ. முதல் செட்டை 0-6 என இழந்து, சக நாட்டு வீரர் கோரியாவை வென்றார்.

2021: நோவக் ஜோகோவிச். கிரீஸின் சிட்சிபாஸுக்கு எதிராக.

2025: அல்கராஸ்.

மீதி மூன்றும் கடினத் தரையில் நடந்தவை. 2020 யு.எஸ். ஓபனில் டொமினிக் தீம், 2022 ஆஸ்திரேலிய ஓபனில் நடால், 2024 ஆஸ்திரேலிய ஓபனில்... யானிக் சின்னர்! ஆம், இரண்டு செட் பின்தங்கி மீண்டு வந்து முதல் கிராண்ட்ஸ்லாம் வென்றவர் சின்னர். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர், பாரிஸில் இந்தப் பக்கத்தில் நிற்க வேண்டியதாகிவிட்டது. விம்பிள்டன் புல்தரையில் இந்தப் பட்டியலில் ஒரு இறுதிப்போட்டிகூட இல்லை.

சாம்பியன்ஷிப் பாயிண்ட்டைக் காப்பாற்றி கோப்பை வென்ற ஆண்கள் இன்னும் குறைவு. ஓபன் சகாப்தத்தில் மூன்றே பேர். 2004-ல் காடியோ இரண்டைக் காப்பாற்றினார். 2019 விம்பிள்டனில் ஃபெடரருக்கு எதிராக ஜோகோவிச் இரண்டைக் காப்பாற்றினார். மூன்றைக் காப்பாற்றியது அல்கராஸ் மட்டுமே.

வேறு என்னென்ன சாதனைகள்?

பிரெஞ்சு ஓபன் வரலாற்றில் மிக நீண்ட இறுதிப்போட்டி இதுதான். முந்தைய சாதனை 1982-ல் மாட்ஸ் விலாண்டர், கில்லர்மோ விலாஸ் மோதிய 4 மணி 42 நிமிட ஆட்டம். அதைவிட 47 நிமிடம் அதிகம். எல்லா கிராண்ட்ஸ்லாம்களையும் சேர்த்தால் இது இரண்டாவது இடம். முதலிடத்தில் 2012 ஆஸ்திரேலிய ஓபனில் ஜோகோவிச், நடால் மோதிய 5 மணி 53 நிமிட இறுதிப்போட்டி இருக்கிறது.

ஐந்தாவது செட்டில் 6-6 ஆனால் 10 பாயிண்ட் டை பிரேக்கர் என்ற பொது விதி நான்கு கிராண்ட்ஸ்லாம்களுக்கும் வந்தது 2022-ல். அதற்கு முன்பு பாரிஸில் கடைசி செட்டுக்கு டை பிரேக்கரே கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழைய விதி இருந்திருந்தால், இந்த ஆட்டம் எப்போது முடிந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிரெஞ்சு ஓபன் ஆடவர் இறுதிப்போட்டி கடைசி செட் டை பிரேக்கரில் முடிவானது இதுவே முதல்முறை.

இது அல்கராஸின் ஐந்தாவது கிராண்ட்ஸ்லாம் பட்டம். அன்று அவருக்கு வயது 22 வருடம், 1 மாதம், 3 நாள். அவருடைய நாட்டுக்காரரான நடால் ஐந்தாவது கிராண்ட்ஸ்லாமை வென்றபோது அவருக்கு என்ன வயதோ, நாள் கணக்கில்கூட மாறாமல் அதே வயது.

ஐந்து செட் வரை போகும் ஆட்டங்களில் அல்கராஸின் கணக்கும் கவனிக்க வேண்டியது. இந்த வெற்றியோடு சேர்த்து 13 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அதாவது ஆட்டம் நீள நீள, அது அவருடைய ஆட்டமாக மாறுகிறது.

அப்படியானால் சின்னர் பதறிவிட்டாரா?

மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட் கையில் இருந்தும் தோற்றவரைப் பார்த்து 'பயந்துட்டார்', 'சொதப்பிட்டார்' என்று சொல்வது சுலபம். ஆனால் நடந்ததைப் பார்த்தால் அது நியாயமாகத் தெரியவில்லை.

முதல் விஷயம், அந்த மூன்று பாயிண்ட்டும் அல்கராஸின் சர்வில் வந்தவை. இரண்டாவது, அந்த அடிக்குப் பிறகும் சின்னர் உடைந்துபோகவில்லை. ஐந்தாவது செட்டில் தோல்வியின் விளிம்பில் நின்று, அல்கராஸின் சர்வை முறியடித்து மீண்டும் முன்னிலைக்கு வந்தார். பதறியவரால் அதைச் செய்ய முடியாது.

பரிசளிப்பு மேடையில் அவர் பேசியதும் நினைவில் நிற்கிறது. இன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வராது, ஆனாலும் பரவாயில்லை என்ற பொருளில் சொல்லிவிட்டு, அல்கராஸை வாழ்த்தினார்.

அதன்பிறகு என்ன ஆனது?

பாரிஸ் தோல்விக்குப் பிறகு எல்லோருக்கும் இருந்த கேள்வி ஒன்றுதான். இப்படி ஒரு தோல்வியிலிருந்து ஒருவர் மீண்டு வர முடியுமா? 2004-ல் காடியோவிடம் இதேபோல தோற்ற கோரியாவுக்கு, அதன்பிறகு ஒரு கிராண்ட்ஸ்லாம் இறுதிப்போட்டிகூட அமையவில்லை. அந்த உதாரணம் எல்லோர் மனதிலும் இருந்தது.

சின்னருக்கு பதில் சொல்ல ஐந்தே வாரம்தான் தேவைப்பட்டது. 2025 ஜூலை 13, விம்பிள்டன் இறுதிப்போட்டி. எதிரில் மீண்டும் அல்கராஸ். முதல் செட்டை அல்கராஸ் எடுத்தார். அடுத்த மூன்றையும் சின்னர் எடுத்தார். 4-6, 6-4, 6-4, 6-4. விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இத்தாலியர் ஆனார். அதன்பிறகு செப்டம்பரில் யு.எஸ். ஓபன் இறுதிப்போட்டியிலும் இவர்களே மோத, அதில் அல்கராஸ் வென்றார்.

விம்பிள்டனின் அந்தக் கடைசி செட்டில் ஒரு இடத்தை மட்டும் திரும்பிப் பார்க்க வேண்டும். 5-4. கோப்பைக்காக சர்வ் போடுகிறார் சின்னர். பாரிஸில் அவர் கோட்டை விட்ட அதே ஸ்கோர். எதிரில் அதே ஆள்.

இந்தமுறை சர்வை அவர் விடவில்லை.